பீர்க்கம்பூ விரியும் நேரம்

எனக்கும் என் தம்பிக்கும் நடந்த சண்டைகளில் பீர்க்கங்காய்ச் சண்டைதான் பெரியது. ஒரே ஒரு காய்கூடக் காய்க்காத பந்தலின் கீழே நின்று போட்ட சண்டை அது.

அப்பா இறந்த பிறகு, சமயநல்லூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் நிலத்தில் பாதி என் பேருக்கு வந்தது. தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான். அதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் நிலம் பேருக்கு வந்ததும் விவசாயமும் கூடவே வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். வினை அங்கே ஆரம்பித்தது.

நான் இருப்பது டவுனில், வில்லாபுரத்தில். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. காலை ஆறரைக்குக் கையுறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், "வெறும் வயித்துல வரணும்னு சொன்னேன்ல?" என்று தினமும் நாலு பேரிடமாவது எரிந்து விழுவேன். ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன் என்பார்கள். காபியெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா என்பார்கள். நேரம் தப்பினால் எல்லாமே தப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது.

தம்பிக்கு நெல்லும் தென்னையும்தான் பழக்கம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பீர்க்கங்காய்ப் பந்தல் போடலாம் என்ற யோசனை மட்டும் அவனுடையது. மற்ற யோசனையெல்லாம் என்னுடையது. கைபேசியில் நடந்த விவசாய வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஞாயிறுதோறும் ஒருவர் திரையில் வந்து பாடம் நடத்துவார். ஒருநாள் பூசணிப் பூவின் படத்தைக் காட்டி, "மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள். காலையில் அடித்தால் பூவுக்கு வரும் தேனீக்கள் செத்துப்போகும்" என்றார். நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். அன்று மத்தியானமே தம்பிக்குப் போன் செய்தேன்.

"இனிமே சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேலதான் மருந்தடிக்கணும். காலைல அடிச்சேன்னா பாரு."

"சாயந்தரம் எனக்கு வண்டி ஓட்டம் இருக்கும்க்கா."

அவன் மினி லாரி ஒன்று வைத்திருந்தான். மத்தியானத்துக்கு மேல் பரவை மார்க்கெட்டுக்கும் சுற்றுவட்டத்துக்கும் சரக்கு ஏற்றிப் போவான்.

"ஓட்டத்த மாத்திக்க. தேனீ இல்லாட்டி வெவசாயமே இல்ல, தெரியுமா ஒனக்கு?"

"சரிக்கா" என்றான். அவன் சரி என்றால் அது சரிதான். ஓட்டத்தை மாற்றிக்கொண்டான். செடியில் இலையைச் சுருட்டும் புழு கண்ணில் பட்டால், சொன்னபடி சாயந்தரம் ஐந்து ஐந்தரைக்கு முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். புழு ஓயவில்லை, அவனும் ஓயவில்லை.

பங்குனி பிறந்ததும் பந்தல் முழுக்க மொட்டுக் கட்டியது. பீர்க்கில் ஆண் பூ கொத்துக் கொத்தாக வரும். பெண் பூ தனியாக வரும். பெண் பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குட்டிப் பீர்க்கங்காய் வரிவரியாக அப்போதே இருக்கும். மகரந்தம் பட்டால் அது வளரும். படாவிட்டால் மஞ்சள் பூத்து, சூம்பி, விழுந்துவிடும். எங்கள் பந்தலில் விழுந்தது. கூட்டி அள்ளினால் கூடை நிறையும் அளவுக்கு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரப்பாளையம் போய் பஸ் மாறி எட்டரை வாக்கில் தோட்டத்துக்குப் போய்ச் சேருவேன். போகும்போதெல்லாம் பூக்கள் துவண்டு தொங்கிக் கிடக்கும்.

"பூவெல்லாம் இப்பிடி வாடிக் கெடக்கே, தண்ணி பாய்ச்சுனியா இல்லையா?"

"நேத்துதான பாய்ச்சுனேன். மண்ணத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. இருந்தாலும் நான் நம்பவில்லை. அவன் காலையில் நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒப்புக்குப் பாய்ச்சியிருப்பான் என்று நினைத்தேன். மத்தியானம் பார்த்தால் புது மொட்டெல்லாம் இறுக்கமாக மூடியே இருக்கும். வெயிலுக்குப் பயந்து விரியாமல் நிற்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, நாலு மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன்.

இப்படியே மூன்று வாரம் போனது; யாரைக் கேட்டாலும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். உரக்கடைக்காரர் போரான் பற்றாக்குறை என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். பக்கத்து வயல்காரர், ரோட்டோரம் இருக்கிற பந்தல், போகிற வருகிற கண்ணெல்லாம் படுகிறது, பொம்மை கட்டு என்றார். தம்பி இரண்டையும் செய்தான். பொம்மைக்கு என் பழைய சேலையைச் சுற்றியிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தபோது நானே பந்தலுக்கு முன்னால் காவலுக்கு நிற்பது போல இருந்தது. என் கணவர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடையில வாங்குனா இந்தத் தலவலி இல்லேல்ல?" என்று கேட்டார்.

விழுந்து கிடந்த பிஞ்சுகளைத் தம்பி பொண்டாட்டி ஒருநாள் அரிவாள்மனையில் நறுக்கிக் காட்டினாள். பத்துப் பதினைந்து நறுக்கியிருப்பாள்.

"உள்ளுக்குள்ள புழுவே இல்ல மதினி. ஈ குத்துன தடமும் இல்ல. சும்மாவே விழுகுது."

பூச்சி குத்தவில்லை. தண்ணீர் இருக்கிறது. உரம் இருக்கிறது. அப்படியென்றால் மகரந்தம் படவில்லை. தேனீ வரவில்லை. இந்த இடம்வரை நான் யோசித்தது சரி. மறுநாளே டவுனுக்குள் பள்ளிவாசல் தெருவில் தேன் விற்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் தேனீப் பெட்டியும் கொடுப்பார். என்ன பயிர் என்று கேட்டார். "பந்தல் காய்கறி" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரம். இரண்டு பெட்டி போதும் என்றார். ஒருநாள் பொழுது சாய்ந்து, தேனீயெல்லாம் உள்ளே அடைந்த பிறகு வாசலை அடைத்து, தம்பியின் வண்டியிலேயே ஏற்றிக் கொண்டுபோய்ப் பந்தல் ஓரம் வைத்தோம். வழியெல்லாம் பெட்டிக்குள் இருந்து உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது போலத் தம்பி ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைப் பார்த்துப் பார்த்து இறக்கி ஏற்றினான்.

நாலாம் நாள் போன் வந்தது.

"அக்கா, ஒன் தேனீயெல்லாம் நல்லா வேல பாக்குதுக்கா."

"அப்பிடியா?"

"ஆமா. காலைல எந்திரிச்சு நேரா பக்கத்து வயல்ல எள்ளுப் பூவுக்குப் போயிருதுங்க. அங்க முடிச்சுட்டு தென்னம்பாளைக்குப் போகுதுங்க. நம்ம பந்தல எட்டிக்கூடப் பாக்கல. ஊரான் காட்டுக்கு நாம ஆள் புடிச்சு விட்ருக்கோம்."

சிரித்தானா என்று தெரியவில்லை. தேன்கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். சோம்பேறித் தேனீயைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சனிக்கெழம வாரேன்க்கா. நீங்களும் இருங்க, நேர்ல பாத்துருவோம்" என்றார்.

சனிக்கிழமை வேலை முடிந்து நான் போய்ச் சேரவும் அவர் தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. மணி மூன்று இருக்கும். பெட்டியைத் திறந்து தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "மாஷா அல்லா, நல்லாத்தான இருக்கு" என்றார். பிறகு பந்தலுக்குக் கீழே குனிந்து வந்தவர், மேலே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இது பீர்க்குல்ல?"

"ஆமா."

"பந்தல் காய்கறின்டுதான சொன்னீங்க. பீர்க்குன்டு சொல்லலயேக்கா." தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் பூசணி, சொரை, வெள்ளரின்டு எதையாச்சும் சேத்துப் போட்டுருப்பீங்கன்டு நெனச்சுட்டேன். கேக்காதது என் தப்பு. சரி, இந்தப் பூ எப்ப விரியுது?"

"காலைலதான்" என்றேன் நான்.

"சாயந்தரம்" என்றாள் தம்பி பொண்டாட்டி. மாட்டுக்குப் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்து நின்றாள். "அஞ்சு, அஞ்சரைக்கு மொட்டு அவுறும் மதினி. நான் புல்லறுத்துட்டு வரும்போது பந்தல் பூரா மஞ்சமஞ்சேன்னு இருக்கும். வாசம்கூட வரும். காலைல வெயிலேறங்காட்டியும் தொங்கிப் போயிரும்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க என்னையக் கேக்கலயே."

மூன்று வாரமாக உரக்கடையைக் கேட்டேன், திரையில் வந்தவரைக் கேட்டேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூடக் கேட்டேன். தினமும் அந்தப் பந்தலைத் தாண்டிப் போகிற இவளைக் கேட்கவில்லை.

"இருங்க, விரியிறதப் பாத்துட்டே போவோம்" என்றார் தேன்கடைக்காரர். தென்னைக்கு அடியில் துண்டை விரித்து அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காத்திருந்த நேரத்தில் அவராகவே பேசினார். பூவுக்குப் பூ ஆள் வேறு என்றார். பூசணி விடியும்போது விரிந்து பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும். அது தேனீக்கு உரிய நேரம். கல்யாண முருங்கைப் பூ சிவப்பாக, வாசமே இல்லாமல் இருக்கும். மைனாவுக்கும் காக்காய்க்கும் அந்த நிறம் போதும். இலுப்பைக்கு வவ்வால் வரும்.

"பீர்க்கு, பொடலையெல்லாம் சாயந்தரத்து ஆளுக்குப் பூக்குறதுக்கா. அந்திப் பூச்சி இருக்குல்ல, விட்டில் மாதிரி, நீள மூக்கு வச்சுக்கிட்டு? அதுதான் முக்கியமான ஆளு. இருட்டுல கண்ணுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் வெளிர் மஞ்சளா இருக்கு. தூரத்துல இருந்தே தெரியட்டும்டு வாசம். தேனீயும் கடைசில கொஞ்ச நேரம் வரும். ஆனா பகல் பூரா எள்ளுல வயிறு நெறஞ்சதுக்கு இங்கிட்டு என்ன வேல? பொழுது இறங்குனா அது கூட்டுக்குத் திரும்பணும்."

ஐந்து மணி தாண்டியதும் பந்தலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மொட்டுகள் தளர ஆரம்பித்தன. இதழ் ஒன்று விடுபட்டது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க எங்கள் தலைக்கு மேல் மஞ்சளாகிவிட்டது. நான் பார்த்த துவண்ட பூக்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதழ் ஒவ்வொன்றும் மெல்லிய காகிதம் போல விரிந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதை ரசிக்கத் தோன்றவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று வாரமும் இது நடந்திருக்கிறது. நான் நாலு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மோட்டார் ரூமிலிருந்து வந்தான். முதுகில் மருந்து டேங்க், முகத்தில் துண்டு.

"தள்ளி நில்லுங்க எல்லாரும். இன்னைக்கு மருந்தடிக்கணும்."

தேன்கடைக்காரர் பதறி எழுந்தார். "அண்ணே, அண்ணே, இருங்கண்ணே! எப்பவுமே இந்நேரத்துக்கா அடிப்பீங்க?"

"ஆமா. அக்காதான் அஞ்சு மணிக்கு மேல அடிக்கச் சொல்லுச்சு."

தேன்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்பி துண்டை இறக்கிவிட்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன்? என்னாச்சு?"

அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். விரிந்த பூவின்மேல், பூச்சி வரும் நேரத்தில், சரியாக மருந்து விழுந்திருக்கிறது. தம்பி டேங்க்கைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"அடிக்கும்போது சாம்பக்கலர்ல பெரிய பெரிய பூச்சியா பொத்துப்பொத்துன்னு விழுகும். மருந்து நல்லா வேல செய்யுதுன்டுல்ல நெனச்சேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "நான் காலைலதானக்கா அடிச்சுக்கிட்டு இருந்தேன்? வண்டி ஓட்டத்தக்கூட விட்டுட்டு சாயந்தரம் அடிச்சேன். ஒனக்காக அடிச்சேன்."

"வகுப்புல சொன்னாங்கடா."

"வகுப்புல இந்தப் பந்தலப் பாத்தாங்களா? நீ பாத்தியா? தண்ணி பாய்ச்சலேன்னு என்னையத் திருடன் மாதிரி கேட்டியே!"

அவன் குரல் உயர்ந்தது. என் குரலும் உயர்ந்தது. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் மனுஷி எவ்வளவு நேரம் வாதாட முடியும் என்பதை அன்று நான் கண்டேன். நீ ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்றேன். பூச்சி விழுவதை ஏன் சொல்லவில்லை என்றேன். நான் அக்கா என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாயா என்றேன். அதற்கு அவன், "தலையாட்டாம இருந்தா மட்டும் விட்ருவியா?" என்றான். தேன்கடைக்காரர் மஃரிப் தொழுகைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார். புறப்படும்போது என்னிடம், "சோம்பேறித் தேனீன்டு சொன்னீங்கள்ல, அத மட்டும் வாபஸ் வாங்கிக்கங்கக்கா" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரமும் நாங்களே பூச்சியாக வேலை பார்த்தோம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்ல ஒற்ற வேண்டும். அழுத்தினால் போச்சு. ஒரு பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூவுக்கு ஒற்றலாம். நரம்பு தேடி ஊசி குத்திய கை எனக்கு; அந்த வேலை சுலபமாக வந்தது. கழுத்துதான் போய்விட்டது. அண்ணாந்து பார்த்துப் பார்த்து, திங்கட்கிழமை வேலைக்குப் போனால் தலையைத் திருப்ப முடியாது. நான் வராத மற்ற நாட்களில் தம்பி பொண்டாட்டி தனியாகச் செய்தாள். அவள் என்னைவிட வேகம். ஒற்றிய பூவின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டினாள். முதல் நாள் நூல் கட்டியதில் பாதிக்குமேல் தங்கியது. பிஞ்சு பச்சையாகவே நின்று, நாலாம் நாள் விரல் பருமனானது. அவள் போனில் படம் எடுத்து அனுப்பினாள். பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் கையில் ஊசி இருக்கும்போதே அதைத் திறந்து பார்த்துவிட்டேன். அவர் என்னைத் திட்டினார். திட்டட்டும்.

மருந்தை நிறுத்தினோம். புழு இருந்த இலையைக் கிள்ளிப்போட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக அந்திப் பூச்சிகளும் திரும்பின. ஒருநாள் சாயந்தரம் ஒன்று பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி, மூக்கை நீட்டி உறிஞ்சிவிட்டு, அடுத்த பூவுக்குத் தாவியது. நான் பத்து நிமிடமாகச் செய்ததை அது ஒரு நொடியில் செய்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "இது முட்ட போட்டா அதுல இருந்து வர்றதும் புழுதான? அதையும் வளப்போமா?" என்று கேட்டான். தேன்கடைக்காரரிடம் கேட்டதில், இதன் புழு வேறு செடியில் இருக்கும், உங்கள் பந்தலைத் தின்பது வேறு சாதி என்றார். பாதி நம்பினோம்.

காய் வந்தது. வர வேண்டியதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகவே வந்தது. முன்னால் பூத்ததெல்லாம் போனது போனதுதான். முதல் மூட்டையைத் தம்பியே பரவைக்கு ஏற்றிப் போனான். நான் அந்த வகுப்புக் குழுவில் நடந்ததையெல்லாம் நீளமாக எழுதி, பீர்க்கும் புடலையும் போட்டிருப்பவர்கள் சாயந்தரம் மருந்து அடிக்காதீர்கள் என்று போட்டேன். ஆசிரியர் இரண்டு கைகூப்பும் படங்கள் போட்டார். அடுத்த வாரம் அதே குழுவில், 'அனைத்துப் பயிர்களுக்கும் மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டுமே' என்ற பழைய செய்தி பூசணிப் படத்தோடு மறுபடி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி கைகூப்பினார். நாலாவது முறை குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

தம்பி ஒரு மாதம் என்னோடு அளந்து அளந்துதான் பேசினான். மன்னிப்புக் கேட்க எனக்கும் வரவில்லை. கடைசியில் ஒருநாள், "நீ பழையபடி வண்டி ஓட்டத்துக்குப் போ. எப்ப எதச் செய்யணும்னு ஒன் பொண்டாட்டி சொல்றபடி செய்ங்க. நான் தலையிடல" என்றேன். அதை அவன் மன்னிப்பாக எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். "சாப்டியா?" என்று கேட்டான்.

ஆடியில் காற்று ஆரம்பித்தபோது, பந்தலுக்கு வெளியே சும்மா கிடந்த நிலத்தில் மக்காச்சோளம் போடலாமா என்று போனில் பேச்சு வந்தது.

"மக்காச்சோளத்துக்கு எந்தப் பூச்சிக்கா வரணும்?"

"எதுவும் வர வேணாம். மேல இருக்குற கதிர்ப்பூவுல இருந்து காத்தே மகரந்தத்தக் கொண்டாந்து கீழ நாருல போட்ரும். காத்து மட்டும் போதும்."

"வேற யாரும் வர வேணாம்ல?"

"வேணாம்."

"நல்லது. அப்ப நீயும் வராத."

போனை வைத்த பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். தம்பி வண்டியோடு வெளியே போயிருந்தான். தம்பி பொண்டாட்டி வரப்பில் நின்று விதை நேர்வரிசையில் விழக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். "அந்த மூலைக்குப் போங்க மதினி" என்றாள். போய் நின்றேன்.